அக்கா வளர்த்த அடங்காப்பிடாரி

என் அக்காவுக்கு இரண்டு குடும்பங்கள். ஒன்று வீட்டில் இருக்கிறது: மாமா, வேலை கிடைத்து வெளியூர் போய்விட்ட மகன், மாடி அறையில் வந்து ஒட்டிக்கொண்ட நான். இன்னொன்று அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சூட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. எந்தக் குடும்பத்துக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது என்று யாராவது கேட்டால், பெட்டிக்குள் இருப்பதற்குத்தான் என்று மாமாவே முந்திக்கொண்டு சொல்வார்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பவை புற்றுநோய் செல்கள். நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்து, வட்டமான பிளாஸ்டிக் டிஷ்களில் போட்டு, உடம்புச் சூட்டிலேயே வைத்து வளர்க்கிறார்கள். செல்கள் ஒரு ரோஸ் நிறத் திரவத்தில் மூழ்கிக் கிடக்கும். அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. தின்னத் தின்ன அது மஞ்சளாகிக்கொண்டே வரும். அப்போது பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் எதையும் அவை கண்டுகொள்வதில்லை. அப்படி ஒரு கல்யாணத்தில் அக்கா சாப்பிடக்கூட உட்காராமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "பிள்ளைங்களுக்குச் சாப்பாடு மாத்தணும், மஞ்சளாயிருக்கும்" என்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த சித்தி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். "அவனுக்கா? மஞ்சள்காமாலையா?" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கப் போயிருந்தால் நானும் சாப்பிட்டிருக்க முடியாது.

அக்கா மெதுவான ஆள். மெதுவென்றால் சோம்பல் இல்லை, நிதானம். அவள் ஒரு டம்ளரை மேசையில் வைத்தால் சத்தமே கேட்காது. பத்திரிகையைப் படித்துவிட்டு மடித்தால் யாரும் தொடாதது மாதிரி இருக்கும். கைகளில் எந்த நேரமும் ஸ்பிரிட் வாசனை. வீட்டுக் கத்தி, கதவுக் கைப்பிடி, டிவி ரிமோட், மாமாவின் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டே இருப்பாள். மாமா மின்விசிறியும் அயர்ன் பெட்டியும் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். கை நிறைய கிரீஸோடு வருகிற மனுஷன். வீட்டுக்குள் நுழைந்ததும் கைகளைத் தூக்கிக்கொண்டு, போலீஸிடம் சரணடைகிறவர் போல நேராகக் குழாயடிக்குப் போவார்.

நான் நேர் எதிர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். கூரைமேல் பலகை வைத்த ஒரு கார், என் காலடியில் இன்னொரு பிரேக், அவ்வளவுதான் என் சொத்து. பயிற்சிக்கு வருகிறவர் எதிரே வருகிற லாரியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளும்போது என் தொண்டைதான் இரண்டு உயிரையும் காப்பாற்றும். கத்திக் கத்தி எனக்கு வீட்டிலும் மெதுவாகப் பேச வராது. உட்காரச் சொன்னால் நிற்பேன், நிற்கச் சொன்னால் போய்விடுவேன் என்பதால் சிறு வயதிலேயே அக்கா எனக்கு அடங்காப்பிடாரி என்று பெயர் வைத்துவிட்டாள். எனக்குக் கல்யாணம் நடந்ததும் அது நிலைக்காமல் போனதும் தனிக்கதை. அதிலும் அக்கா என் பக்கம்தான் நின்றாள். ஆனால் தனியாக இருந்தபோது, "நீயும் கொஞ்சம் அடங்கியிருக்கலாம்டி" என்று சொல்லாமல் விடவில்லை.

பிறகு எனக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்தது. நீர் கட்டி வயிறு ஊதியது, ஓட்டலில் சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தொப்பை போட்டுவிட்டது என்று நானே என்னைக் கிண்டல் செய்துகொண்டு திரிந்தேன். அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு பிளாட்டினம் கலந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நகைக்கடையில் விலை கேட்கக்கூடப் பயப்படுகிற சாமானை நரம்பிலேயே ஏற்றிக்கொண்டேன் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். முடி கொட்டியது, திரும்ப வளர்ந்தது. ஒரு வருடம் போல நன்றாக இருந்தேன். மறுபடியும் வயிற்றில் நீர் கட்டியது.

இரண்டாம் முறை நீரை ஊசி போட்டு வடித்தபோது ஒரு நர்ஸ் வந்து, அதில் கொஞ்சம் ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டாள். பெயர் போகாது, எண் மட்டும்தான் போகும் என்றாள். எனக்கு வேண்டாத தண்ணீர். எங்கேயாவது போகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். அது அக்காவின் ஆய்வகத்துக்குத்தான் போகும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எந்த எண் என்று இருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது, அதுதான் அங்கே விதி. அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மருத்துவர் மறுபடியும் அதே பிளாட்டினத்தை ஏற்றலாம் என்றார், கூட இன்னொரு மருந்தும் சேர்த்து. முதல் தடவை கேட்டது, இந்தத் தடவையும் கேட்க வாய்ப்பிருக்கிறது, பாதி முடிந்ததும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார். நான் தனி வீட்டைக் காலி செய்துவிட்டு அக்காவின் மாடி அறைக்கு வந்தது அப்போதுதான். காரை என்னோடு வேலை பார்த்த பெண்ணிடம் ஒப்படைத்தேன். உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் மாலையில் மட்டும் அதை வாங்கிக்கொண்டு அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அது அவள் ஆசை இல்லை, என் பிடிவாதம். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மாமா கடையைச் சாத்த வேண்டியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த மாதங்களில்தான் அக்காவின் போக்கு மாறியது. சில நாள் வேலையிலிருந்து வந்ததும் என்னைக் கட்டிப்பிடிக்காத குறையாக, "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று சுற்றிச் சுற்றி வருவாள். சில நாள் நான் ஏதோ திருடிவிட்டவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். ஒருநாள் நான் இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டேன். மருந்து ஏற்றிய வாரத்தில் எனக்குப் பசித்ததே பெரிய விஷயம். அவள் என் தட்டையே வெறித்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நான் தின்கிறது உங்களுக்குப் பாரமா இருக்கா மாமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதம்மா" என்றார் மாமா. "அவ அங்க ஏதோ ஒரு டிஷ்ஷை நினைச்சுக் கவலைப்படுறா. அது நல்லாச் சாப்பிட்டா இவ சாப்பிடறதில்ல. என்னன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறா."

அடுத்த தடவை கார் எடுத்தபோது கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். காய்கறிச் சந்தைக்குப் பின்னால், லாரிகள் சரக்கு இறக்கிவிட்டுப் போன பிறகு காலியாகக் கிடக்கும் மைதானம். அக்கா ஸ்டியரிங்கை, ஏதோ உடையக்கூடிய சாமான் போலப் பிடித்திருந்தாள். முதல் கியரிலேயே ஊர்ந்தாள். நடுவில் மழைத் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம் வந்தது. கார் குலுங்கி நின்றது.

"ஏன் நிறுத்தினே?"

"பள்ளம்."

"அதுக்கு? மைதானம் முழுக்க இடம் கிடக்கு. சுத்திட்டுப் போக்கா. பள்ளத்துக்குப் பள்ளம் நின்னா எப்போ ஊர் போய்ச் சேர்றது?"

அவள் கியரைப் போடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதேதான்டி" என்றாள். "அதேதான் அதுவும் பண்ணுது. நிக்கவே மாட்டேங்குது. சுத்திட்டுப் போகுது."

"எது?"

"உன்னோடது."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. எனக்கு நீர் வடித்த வாரம் ஆய்வகத்துக்கு ஒரு புது எண் வந்திருக்கிறது. அந்த டிஷ் முதல் நாளிலிருந்தே மற்றவை மாதிரி இல்லை. மற்ற செல்கள் ஒழுங்காகப் பரவி இடம் பிடிக்கும். இது கூட்டம் கூட்டமாகக் குவிந்து, இடித்துத் தள்ளி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். சாப்பாட்டை ஒரே நாளில் மஞ்சளாக்கும். பிளாட்டினம் ஊற்றினால் இரண்டு நாள் சுணங்கும், பிறகு எதுவும் நடக்காதது போல வளரும்.

"அதைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு" என்றாள். "அந்த அடம். அந்தத் திமிர். யாரு சொன்னாலும் கேட்காத குணம். அப்படியே நீதான்."

நோயாளியாக இருந்து நான் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். என் கட்டிக்கு என் குணம் இருக்கிறது என்று முதல்முதலாக அன்றுதான் கேட்டேன். சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை.

"விளக்கமாச் சொல்லு" என்றேன். "என்ன பண்ணுது அது?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுக்குக் குரல் தானாகச் சீராகிவிடும்.

"ஒரு செல்லு ரெண்டாப் பிரியணும்னா, முதல்ல உள்ள இருக்கிற டிஎன்ஏவை முழுசா நகல் எடுக்கணும். டிஎன்ஏங்கிறது நீளமா ஒரு நூல் இழை மாதிரி, அதுலதான் பிளாட்டினம் போய் ஒட்டிக்கும். நகல் எடுக்கிற இயந்திரம் அந்த இடத்துக்கு வந்ததும் முட்டிக்கும். நல்ல செல்லுன்னா அங்கேயே நின்னு, சரி பண்ணிட்டு அப்புறம்தான் போகும். சரி பண்ண முடியலைன்னா தானே செத்துப்போகும். இது நிக்கறதில்ல. முட்டின இடத்தை அப்படியே விட்டுட்டு, அந்தப் பக்கம் தாவி, அங்கேருந்து மறுபடி நகல் எடுக்க ஆரம்பிச்சிடும்."

"அப்போ நடுவுல ஓட்டை விழுமே?"

"விழும். அப்புறம் சாவகாசமா வந்து அடைச்சுக்கும். அதுக்குன்னே சில ஆளுங்க வச்சிருக்கு உள்ள. அரைகுறை வேலைக்காரங்க. டிஎன்ஏ எழுத்து சரியா தப்பான்னு பார்க்கமாட்டாங்க, கையில கிடைச்சதைப் போட்டு அடைப்பாங்க."

"தப்பா அடைச்சா அதுக்கே கெடுதல் இல்லையா?"

"சிலதுக்குக் கெடுதல்தான். சிலதுக்கு அந்தத் தப்பே லாபமாயிடும். அடுத்த மருந்தும் கேட்காம போயிடும்." திரும்பி என்னைப் பார்த்தாள். "நிறுத்திடுடி. இந்த மருந்தை நிறுத்திடு. உனக்கு அது வெறும் விஷம். முடியும் போய், தெம்பும் போய், எதுக்கு? அது சாகல. நான் தினமும் பார்க்கிறேன், அது சாகல. டாக்டர்கிட்ட வேற ஏதாவது கேளு."

அப்போது எனக்கு இன்னும் மூன்று தடவை ஏற்ற வேண்டியிருந்தது. ஸ்கேனுக்கு இரண்டு வாரம் இருந்தது. சொல்லிவிடுகிறேன், நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. வாயில் இரும்பு ருசி, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் மாமாவைக் கூப்பிட வேண்டிய வெட்கம். ஒரு நல்ல காரணம் கிடைத்தால் போதும் என்று காத்திருந்தவளுக்கு, உலகத்தில் நான் மிகவும் நம்புகிற ஒருத்தி வந்து காரணத்தைக் கையில் கொடுத்தாள். அவள் இதுவரை அளந்து பார்க்காமல் எதையும் சொன்னதில்லை.

ஆனால் கோபமும் இருந்தது. என்னைக் கேட்காமல் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து, மாதக்கணக்கில் என் தட்டைப் பார்த்து அழுதிருக்கிறாள். காரை நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டினேன்.

மறுநாள் எனக்குப் புத்தி வந்தது. அது யாருடைய கட்டி? என்னுடையது. அக்கா கேட்கக் கூடாது என்றுதானே விதி? நான் கேட்கலாமே. கையெழுத்து வாங்கிய நர்ஸுக்கு ஃபோன் போட்டேன். நான் கொடுத்த தண்ணீர் என்ன ஆனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றேன். அவள் இழுத்தாள். ஆராய்ச்சி முடிவுகளை நோயாளிகளுக்குச் சொல்வதில்லை என்றாள். முடிவு வேண்டாம், உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் சொல் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மேலிடத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தேன். நாலைந்து நாள் கழித்து, மாமா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சாயங்காலம், அவளே கூப்பிட்டாள்.

"உங்களோடது வளரவே இல்லைங்க" என்றாள்.

"என்னது?"

"நிறைய பேரோடது அப்படித்தான். டிஷ்ல போட்டதும் ஒட்டாது. முதல் வாரமே போயிடுச்சு. அப்பவே கொட்டிட்டாங்க. அது உங்களுக்கு நல்லதோ கெட்டதோ இல்லைங்க, டிஷ்ல வளராதது உடம்புல வளராதுன்னு அர்த்தமில்லை. ஸ்கேன் பார்த்துத்தான் டாக்டர் சொல்லுவாரு."

ஃபோனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. இத்தனை நாளாக என்னைப் படுத்தி எடுத்தது, கேவலம், ஒரு பிளாஸ்டிக் டிஷ்ஷில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கவில்லை.

அக்கா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"நான் செத்து மாசக்கணக்காச்சாம்க்கா. முதல் வாரமே கொட்டிட்டாங்களாம். நீ யாரையோ நான்னு நினைச்சு அழுதிருக்கே."

அவள் நம்பவில்லை. நர்ஸ் என்ன வார்த்தை சொன்னாள், எந்த வாரம் என்று சொன்னாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மாமா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்போ அந்தத் திமிர் பிடிச்சது இவ இல்லையா? நான்கூட சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றார். வெங்காயக் கத்தியோடு அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவும் சிரித்தாள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. பிறகு, நடுவிலேயே நின்றுவிட்டது சிரிப்பு.

"அப்போ அது யாரு?" என்றாள்.



மருந்தை நான் நிறுத்தவில்லை. நிறுத்து என்று சொன்னவளே மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஊசி அறையில் உட்கார வைத்தாள். ஆய்வகத் தலைவியிடமும் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். யாருடையது என்று ஊகித்தது தப்பு என்று அந்த அம்மா கொஞ்சம் கடிந்துகொண்டு, "செல்லுக்குக் குணமெல்லாம் கிடையாதும்மா, பழக்கம்தான் உண்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டிகள் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தன. மருத்துவர் படத்தைத் திருப்பிக் காட்டி, முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு என்று பேனாவால் வட்டம் போட்டார். அக்கா அந்த இரண்டு வட்டங்களையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு அன்று ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது? சந்தோஷமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கி நின்றுகொண்டே தின்றோம். மாமா சட்டையில் ஒழுகவிட்டுக்கொண்டார், அக்கா துடைக்கக்கூட இல்லை.

அதன் பிறகு வீடு வீடாக இருந்தது. மூன்று தடவையும் முடிந்து இப்போது மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். திரும்பி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் காலையில் பசிக்கிறது, பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன், வாரத்தில் பாதி நாள் காரில் உட்கார்ந்து அடுத்தவர்களைப் பார்த்துக் கத்துகிறேன். அக்கா ஓட்டுநர் தேர்வில் ஒரு தடவை தோற்றுவிட்டாள். தேர்வு வைத்தவர் கையை அசைத்துப் போகச் சொன்ன இடத்திலும் நின்றுவிட்டாளாம். "நீ நல்ல செல்லுக்கா, உனக்கு ஓட்ட வராது" என்றேன்.

அந்த டிஷ் மட்டும் அவளுடைய பேச்சில் அடிக்கடி வந்துகொண்டே இருந்தது. முன்பெல்லாம் திட்டிக்கொண்டே அதற்குச் சாப்பாடு ஊற்றியிருக்கிறாள். செத்துத் தொலையேன் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லியிருக்கிறாள். இப்போது திட்ட முடியவில்லை என்றாள். "யாரோ ஒருத்தி வயித்துல இருக்கிறதும் இதேதான்டி. அவளுக்கும் இந்த மருந்து கேட்டிருக்காது. உனக்குச் சுருங்கினப்போ அவளுக்கு வளர்ந்திருக்கும்" என்றாள். என்னுடையது இல்லை என்று தெரிந்ததும் நான் அதை மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

ஆய்வகத்தில் ஒரு புது மருந்தைப் பரிசோதிக்க ஆரம்பித்திருந்தார்கள். அது டிஎன்ஏ நூலைத் தொடாது. ஓட்டையை அடைக்க வருகிற அந்த அரைகுறை வேலைக்காரர்களைத் தடுத்துவிடும். பிளாட்டினத்தையும் இதையும் சேர்த்து ஊற்றினால் செல் தாவித் தாவிப் போகும், விட்டுப்போன ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. வேலை செய்கிறதா என்று பார்ப்பது அக்காவின் பொறுப்பு. செல்கள் நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே முதலில் ஒன்றும் பிறகு இன்னொன்றுமாக இரண்டு அடையாளப் பொருள்களைக் கொடுப்பாள். பிறகு செல்லைக் கண்ணாடித் தகட்டில் வைத்து உடைத்து, தகட்டை மெல்லச் சாய்ப்பாள். சொட்டு வழிய வழிய டிஎன்ஏ நூல்கள் நேராக நீண்டு படியும். சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்புக் கோடு, அதைத் தொடர்ந்து பச்சைக் கோடு. ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டுகிற ஒரு நொதிச் சாறும் உண்டு. அதைச் சேர்த்தும் கோடு நீளமாகவே இருந்தால் செல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். குட்டையாகிவிட்டால் ஓட்டைகள் அடைபடாமல் நிற்கின்றன. எந்தத் தகடு எந்த டிஷ் என்று தெரியாதபடி வேறொருத்தி சீட்டு ஒட்டி மறைத்துவிடுவாள். அளந்து முடித்த பிறகுதான் பிரிப்பார்கள்.

ஒரு சாயங்காலம் அக்கா வேகமாகப் படியேறி வந்தாள். அவள் வேகமாகப் படியேறுவது எனக்குப் புதிது. மூச்சு வாங்க என் அறை வாசலில் நின்றாள். முகம் அன்று ஸ்கேன் படத்தைப் பார்த்த முகம்.

"குட்டையாயிடுச்சு" என்றாள். "அதோடது. மூணு தடவை தனித்தனியா பண்ணி, சீட்டு பிரிச்சுப் பார்த்தாச்சு. எல்லாமே குட்டை. டிஷ்ல பாதிக்கு மேல செத்துப்போச்சு. சாப்பாடு ரோஸாவே இருக்குடி, ரெண்டு நாளா ரோஸாவே இருக்கு!"

"அப்போ மருந்து வந்திடுமா?"

"வருமா வராதான்னே தெரியாது. வந்தாலும் வருஷமாகும்." கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சந்தோஷம் அப்படியே இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போலக் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். "அவளுக்குச் சொல்லணும் போல இருக்கு. சொல்ல முடியாது. யாருன்னு தெரியாது. இருக்காளான்னும் தெரியாது. அவகிட்டேருந்து எடுத்ததுதானே, அவளுக்குத்தானே முதல்ல தெரியணும்? எங்களுக்கு மட்டும் தெரிஞ்சு என்ன?"

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. என் பெயரில் அவள் எத்தனை நாள் அந்தப் பெண்ணுக்காக அழுதிருக்கிறாள் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் கட்டியைத் திட்டியதும் அவள்தான், வேளாவேளைக்குச் சோறு போட்டதும் அவள்தான். எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். அவளுக்கு யார் இருக்கிறார்களோ.

எழுந்து போய் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

"என்கிட்ட சொல்லு" என்றேன். "இத்தனை நாள் அவளை நான்னு நினைச்சே. இப்போ என்னை அவளா நினைச்சுக்கோ."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது மாதிரி மரியாதையோடு என் கண்ணைப் பார்த்தாள்.

"உங்களோடது ரொம்ப அடம் பிடிச்சதுங்க" என்று ஆரம்பித்தாள். "எந்த மருந்துக்கும் நிக்கல. ஆனா இப்போ நின்னிருக்கு. எங்க நின்னுச்சு, எப்படி நின்னுச்சுன்னு நான் கண்ணால பார்த்தேன். நீங்க கொடுக்கலைன்னா எங்களுக்கு இது தெரிஞ்சே இருக்காது."

சிவப்புக் கோட்டிலிருந்து பச்சைக் கோடு வரை ஒன்று விடாமல், நிதானமாகச் சொன்னாள். முடித்ததும் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"ரொம்ப நன்றிங்க" என்றேன். "நீங்க நல்லாப் பார்த்துக்கிட்டீங்க."